தோளுக்கும் தண்டுக்கும் இடையில்

வவுனியாவில் எங்கள் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகிற வழியில் இப்போது மூன்று ஜிம் இருக்கின்றன. எனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து, ஏதாவது ஒன்றில் சேரும்படி மகள் கரைச்சல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பொறுக்க முடியாமல் ஒரு பின்னேரம் மூன்றையும் போய்ப் பார்த்தேன். ஒன்றில் குளிரூட்டி போட்டிருந்தார்கள். வியர்க்க வைப்பதற்கென்று கட்டிய இடத்தில் குளிரூட்டி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்ததில் நான்கு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் தொந்திதான் முன்னால் வந்து நின்றது. மூன்றாவதில் கையில்லாத பெனியன் போட்ட ஒருவர் மரியாதையாகக் கதிரை தந்து, என் இலக்கு என்ன என்று கேட்டார். மெலிவதா, தசை வைப்பதா என்று விளக்கமும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, ஜிம் தேடுவதற்கு எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை, நான் வாலிபனாக இருந்தபோதே மூன்று ஜிம் ஏறி இறங்கி ஒன்றைப் பிடித்தவன் என்றேன். மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சவர்க்காரக் கட்டிக்கே வரிசையில் நின்ற காலத்து வன்னியில் ஜிம் இருந்ததாம், அதுவும் இது சரி அது பிழை என்று ஆராய்கிற அளவுக்கு இருந்ததாம் என்று தாயிடம் போய்ச் சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் போய், அப்பாதான் வந்து நிற்கிறார்.

நாங்கள் முல்லைத்தீவுக் கடற்கரை ஆட்கள். அப்பா கரைவலை இழுத்தவர். எங்கள் ஊர் வேதக்கோயிலில் ஒவ்வொரு ஆனி மாதமும் பெருநாளன்று புனிதரின் சிலையை, எங்கள் பேச்சில் சுருவத்தை, மரக்கூட்டில் வைத்து, கூட்டின் கீழே ஓடுகிற இரண்டு நீளத் தண்டுகளையும் ஆண்கள் தோளில் ஏற்றி, ஊரைச் சுற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே சுருவத்தைக் கடலைப் பார்க்கத் திருப்புவார்கள். சுவாமியார் கடலை ஆசீர்வதிப்பார். கூடு பாலை மரத்தில் செய்தது. சுருவமில்லாமல் தூக்கினாலே மூச்சு முட்டும். ஒரு தண்டுக்கு நான்கு பேர். வலப்பக்கத் தண்டு எங்கள் குடும்பத்துக்கு உரியது. அதில் முன்னுக்கு நிற்கிற இடம் அப்பாவுடையது. பின்னுக்கு மூன்று இடத்திலும் பெரியப்பாவின் மூத்த ஆண்மக்கள் மூவர் நின்றார்கள்.

அதில் ஒரு வழக்கம் இருந்தது. வெறுந்தோளில் மரம் படவேண்டும். துண்டோ சால்வையோ இடையில் வைக்கக்கூடாது. வழி நெடுக நிற்கிற சனம் சுருவத்தைக் கும்பிட்ட கையோடு தூக்குகிறவர்களின் தோள்களையும் ஒரு பார்வை பார்க்கும். தோளுக்கும் தண்டுக்கும் இடையில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தால் போதும், அந்த ஆளின் கதை அடுத்த பெருநாள் வரைக்கும் ஓடும். அப்படி ஒருமுறை பிடிபட்ட ஒருவருக்கு ‘காத்துத் தோளர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாவம், அவருடைய பிள்ளைகளின் கலியாணப் பேச்சிலும் அந்தப் பெயர் வந்தது. இந்த விசயத்தில் அப்பாவைப்போல் கண்டிப்பானவர் ஊரில் இல்லை. தோளில் துண்டு வைத்துக்கொண்டு தூக்க வந்தவரைப் பார்த்து, “துண்டு வைக்கிறதெண்டால் வீட்டில இருந்து தலகாணியைத் தூக்கலாம்” என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் அவர்.

பெருநாள் முடிந்து வந்தால் அப்பாவின் தோளில் சிவப்பாக ஒரு தடிப்பு இருக்கும். குசினி வாசலில் பாயைப் போட்டு உட்காருவார். அம்மா தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து உரஞ்சிக்கொண்டே, நோகுதோ என்று கேட்பா. அப்பா இல்லை என்பார். அந்தத் தடிப்பைப் பார்த்தால் எனக்கே நோகும். ஆனால் ஒரு வருசமாவது அவர் ஓம் என்று சொல்லி நான் கேட்கவில்லை.

ஒரு மாரிக்குள் அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்தது. வெட்டித் தைத்து அனுப்பிய டொக்டர், இனிப் பாரம் என்ற சொல்லையே மறந்துவிட வேண்டும் என்று சொன்னார். வலைக்கயிறு பிடிப்பதை அப்பா பெரிய முறைப்பாடில்லாமல் விட்டார். கரையில் நின்று மீன் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டார். தண்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஊர் திறந்தது. பெரியப்பாவின் கடைசி மகன் அந்த இடத்துக்கு வரப்போவதாகக் கதை அடிபட்டது. அப்படி ஒருமுறை போன இடம் திரும்பி வராது. அடுத்த தலைமுறையில் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் சுருவத்தின் கீழே நிற்கமாட்டார்கள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் போனபிறகு அப்பாவைக் காணவில்லை என்று தேடிப்போனேன். கோயிலின் பின்சுவரோரம் தண்டுகளைப் படுக்கவைத்திருப்பார்கள். அப்பா குந்தியிருந்து, தன் தோள் படுகிற இடத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். அத்தனை வருச வியர்வையில் மரம் அந்த இடத்தில் மட்டும் கறுத்து வழுவழுவென்று இருந்தது. என்னைக் கண்டதும் தூசு தட்டுவதுபோல் கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார். அன்று மத்தியானம் சாப்பிடும்போது, இந்த வருசம் நான் தூக்குகிறேன் என்று சொன்னேன்.

அப்பா சோற்றைக் குழைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். “உன்ர தோளில ஒரு காகம் வந்து குந்தினாலே நீ சரிஞ்சு போவாய்” என்றார்.

அதில் பிழையில்லை. அந்த ஒரு வருசத்துக்குள் எனக்கு இரண்டுமுறை மலேரியா வந்து போயிருந்தது. சாரத்தை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இடுப்பில் நிற்காது. பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன்; அரை மூடை பருப்பை நகர்த்துவதற்கே மற்றவர்களைக் கூப்பிடுவேன். ஆனால் அப்பா மாட்டாய் என்று சொன்னாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும். அடுத்த நாளே ஜிம் தேடத் தொடங்கினேன்.

பக்கத்தில் இருக்கிறதுதான் முதலில் கண்ணில் படும். கோயிலுக்குப் பின்னால் வாலிபர் சங்கத்தின் கொட்டிலில் ஒரு ஜிம் இருந்தது. பெரியப்பாவின் மூத்த மகன்தான் அதற்கு ராசா. நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். சண்டையால் சீமெந்துக்குத் தடை இருந்த காலம். யாரோ வீட்டில் மிஞ்சிக் கிடந்த சீமெந்தை வாங்கி, கடல்மணலை அள்ளிக் கலந்து, பால்மாத் தகரப் பேணிகளுக்குள் வார்த்து, இரும்புக் கம்பியில் கோர்த்து எடைக்குண்டு செய்திருந்தார்கள். கடல்மணலில் செய்த சீமெந்து எத்தனை நாளைக்கு? தலைக்குமேலே தூக்குகிற ஒவ்வொரு தடவையும் மணல் உதிர்ந்து கண்ணுக்குள் விழும். நாளுக்கு நாள் கூடுதலான தடவை தூக்கக்கூடியதாக இருக்கிறதே, உடம்பு ஏறுகிறது என்று எல்லாரும் புளுகித் திரிந்தார்கள். உண்மையில் குண்டுதான் கரைந்துகொண்டிருந்தது.

அங்கே ஒரு அலுமாரிக் கதவைக் கழற்றிக் கண்ணாடியோடு சுவரில் அறைந்திருந்தார்கள். அண்ணையின் உயரத்துக்கு அறைந்தது. நான் முன்னால் போய் நின்றால் என் நெற்றியும் தலைமயிரும்தான் தெரியும். என் தோள் எப்படி வருகிறது என்று பார்க்க ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து ஏறி நிற்கவேண்டியிருந்தது. இதெல்லாம் போதாதென்று, கொட்டிலைத் தாண்டித்தான் ஊர்ப் பெண்கள் கிணற்றுக்குப் போவார்கள். குடத்தோடு நின்று பார்த்துவிட்டு, தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போவார்கள். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயம். அங்கே சேர்ந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் எதற்காக வருகிறேன் என்று அண்ணை கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

“சித்தப்பான்ர இடத்தில நீயோ நிக்கப்போறாய்?” என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவு திமிர் என்று நினைத்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவன், பிறகு அந்தக் கொட்டில் பக்கமே போகவில்லை.

இரண்டாவது ஜிம் தண்ணீரூற்றில், ஒரு அரிசி மில்லின் பின்வளவில் இருந்தது. இது உண்மையான இரும்பு. உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிய பற்சில்லுகள், தண்டவாளத் துண்டுகள், லொறி அச்சு. ரயில் போய்வந்த காலத்தில் அந்தத் தண்டவாளம் எத்தனை பேரைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விட்டதோ, இப்போது எங்கள் தலைக்குமேலே ஏறி இறங்கியது. மில்காரர்தான் மாஸ்டர். நல்ல மனுசன், காசு வாங்குவதில்லை. சுவரில் ஆஞ்சநேயர் படம் ஒன்று மாட்டி, பின்னேரத்தில் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் இரும்பைத் தொட விடுவார். நான் வேதக்காரன் என்று தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. நீ உன்னுடைய சாமியை நினைத்துக்கொண்டு தூக்கு என்றார். ஆனால் என் பக்கத்தில் வந்து நின்று மூக்கைச் சுளித்தார்.

“மச்சத்தை விடவேணும் தம்பி. மற்றதெல்லாம் பிறகு பாப்பம்” என்றார்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவனைப் பார்த்து மீன் சாப்பிடாதே என்று சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். இரும்பின் ஆசையில் நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டில் அம்மா என் மலேரியா உடம்பைத் தேற்றுவதற்கென்றே பாரை மீனில் சொதி வைத்து, தலையை எனக்கென்று எடுத்து வைத்திருப்பா. நான் வெறும் சோற்றில் சம்பலைப் போட்டுச் சாப்பிட்டேன். முதல் நாள் வயிறு சரியில்லை என்றேன். இரண்டாம் நாள் பல்லு நோகிறது என்றேன். அதற்குமேல் பொய் கைவசம் இல்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தா. ஒரு பின்னேரம் நான் கிணற்றடியில் நின்றபோது கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, “தம்பி, தண்ணீரூற்றில ஆரும் சைவப் பிள்ளையை விரும்பிறியோ? உண்மையைச் சொல்லு, நான் கொப்பருக்குச் சொல்லமாட்டன்” என்று கேட்டா.

இல்லையம்மா, ஜிம் என்றேன். அம்மா நம்பவில்லை. அந்தக் கிழமை முழுக்க என் பெயரில் செபமாலை சொன்னா. செபமாலையின் பலனோ என்னவோ, வெள்ளிக்கிழமை வீட்டில் கணவாய்க் கறி. நான் மில்லை மறந்தேன். இரும்பு எவ்வளவு உண்மையாக இருந்தாலும், சாப்பாட்டை மாற்றச் சொல்கிற ஜிம் எனக்குச் சரிவராது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். இன்றைக்கும் அதே முடிவுதான், சீனி வருத்தம் வந்திருக்காவிட்டால்.

மூன்றாவதை நான் தேடிப்போகவில்லை, பாட்டுத்தான் கூப்பிட்டது. வேலை முடிந்து சைக்கிளில் வருகிற வழியில், காட்டோரம் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனத்தின் வீடுகள் இருந்தன. அங்கே ஒரு கொட்டிலுக்குள்ளிருந்து சினிமாப் பாட்டு வந்தது. கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை. எப்படிப் பாட்டு வருகிறது என்று எட்டிப் பார்த்தேன். ஒரு சைக்கிளின் பின்சில்லை நிலத்தில் முட்டாமல் தூக்கி நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் அதில் ஏறியிருந்து மிதித்துக்கொண்டிருந்தா. அவவுடைய புருசனும் இன்னும் மூன்று பேரும் தோளில் மூட்டையோடு கொட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். யூரியா பைக்குள் ஆற்று மணல் நிரப்பித் தைத்த மூட்டை. அவர்கள் நெல்லு மூடை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவர்கள். போகம் முடிந்து வேலை இல்லாத நாட்களில் உடம்பு விட்டுப்போகக் கூடாது என்று அந்தக் கொட்டிலைப் போட்டிருந்தார்கள். ஜிம் என்று அவர்கள் அதைச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

உள்ளே வரலாமா என்று கேட்டேன். கொட்டிலின் கூரை பதிவு, நல்லாத் தாழ்ந்தது. அவர்கள் எல்லாரும் கட்டையான, இறுகின உடம்புக்காரர். தங்கள் அளவுக்கு வேய்ந்திருந்தார்கள். நான் தலையைக் குனியாமல் நேரே உள்ளே போனேன். “ஒங்களுக்குன்னே கட்டுன மாதிரி இருக்கு தம்பி, வாங்க” என்று அந்த மனிதர் சிரித்தார். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் சேர்ந்தது அங்கேதான். ஏன் என்று இப்போது யோசித்தால் காரணம் சொல்லத் தெரிகிறது, அப்போது தெரியவில்லை. முதலாவது இடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாவதில் நான் என்ன சாப்பிடுகிறேன் என்று பார்த்தார்கள். இங்கே என்னைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. களைத்தால் மூட்டையைப் போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறி மிதிக்கலாம். மிதிக்கிறவன் சோர்ந்தால் பாடுகிறவரின் குரல் காய்ச்சல்காரனின் குரலாக இழுபடும், எல்லாரும் ஏசுவார்கள். நாடகம் போகிற நேரத்தில் மட்டும் அந்த அக்கா வேறு ஒருவரையும் சைக்கிளில் ஏற விடமாட்டா. கதாநாயகி அழுகிற இடத்தில் குரல் தளம்பக் கூடாது என்று அப்படி மிதிப்பா. அங்கே இருந்தவர்களில் காலில் பலம் கூடியவ அவதான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் பனங்கட்டியோடு தேத்தண்ணி தருவார்கள். அப்படி ஒரு தேத்தண்ணி நான் பிறகு எங்கேயும் குடிக்கவில்லை.

நான் எதற்காக வருகிறேன் என்று கேட்டபோது சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும், “சாமி தூக்கணும்னா மூட்டையில பழகி என்னாங்க தம்பி, கம்புலல்ல பழகணும்” என்றா. மறுநாள் ஒரு நீள மரத்தை வெட்டி வந்திருந்தார்கள். நடுவில் மணல் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு, முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு இரண்டு பேராக வெறுந்தோளில் வைத்துச் சுற்றி வந்தோம். முதல் நாள் தோல் உரிந்தது. பிறகு காய்ந்து, தடித்து, மரம் வந்து பொருந்தி உட்காருகிற ஒரு இடம் என் தோளில் உண்டாகியது. அப்பாவின் தோளில் இருக்கிற அதே இடம். இரவில் படுக்கும்போது அதைத் தொட்டுப் பார்ப்பேன். அவ்வளவு சந்தோசமாக இருந்த நாட்கள் என் வாழ்க்கையில் அதிகமில்லை.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பெருநாளுக்குக் கொடியேறிய அன்று, சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்ற என்னைத் தாண்டிப் போனவர் நின்று, தோளில் கைவைத்து அழுத்திப் பார்த்தார். காகம் குந்தலாம் போல கிடக்குது என்றார். அம்மா சிரித்தா. கோயில் விசயங்களைப் பார்க்கிற மூப்பரிடம் போய், தன் இடத்தில் மகன் நிற்பான் என்று சொன்னதும் அன்றைக்குத்தான்.

பெருநாளன்று பின்னேரம் வெள்ளை வேட்டியோடு வெறும்மேலாகக் கோயிலுக்குள் போனேன். அலங்கரித்த கூடு மரத் தாங்கியில் நின்றது. அப்பாவின் தோள் பட்டுக் கறுத்த இடத்தின் கீழே போய்க் குனிந்து நின்றேன். எனக்குப் பின்னால் அண்ணை, அவருக்குப் பின்னால் அவருடைய தம்பிமார். மூப்பர் தூக்கச் சொன்னார். அந்த மூன்று நாலு மாதத்துப் பலத்தையும் ஒன்றாகச் சேர்த்து எழும்பினேன்.

நான் எழும்பி முடிந்தும் தண்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் அவருடைய பிள்ளைகளும் நெட்டையர்கள். நான் அம்மா வீட்டு ஆள், கட்டை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். மலேரியா வந்த நாளிலிருந்து ஊரும் நானும் என் மெலிவையே பார்த்துக்கொண்டிருந்ததில் இது ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. கண்ணாடி சொல்லியிருக்கிறது, பதிந்த கூரை சொல்லியிருக்கிறது, அண்ணை தலையிலிருந்து கால்வரைக்கும் அளந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார். கொட்டிலில் என்னோடு மாறி மாறி மரம் தூக்கிய நால்வரும் என் உயரம். மூன்று ஜிம்மை ஆராய்ந்தவன் என்னை ஒருதரமும் அளக்கவில்லை. தண்டுக்கும் என் தோளுக்கும் இடையில் மூன்று விரல் போகிற வெளி. பெருவிரலில் எழும்பிப் பார்த்தேன். பட்டது, ஆனால் அப்படியே ஓரடிகூட நடக்க முடியவில்லை.

கோயில் வாசலைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சனம். கையை உயர்த்தித் தண்டைப் பிடித்து அந்த வெளியை மறைத்தேன். அந்த வித்தையும் எங்கள் சனத்துக்குத் தெரியும். யாரோ யாரையோ முழங்கையால் இடித்துக் காட்டுவதைக் கண்டேன். வழியோரத்தில் அக்காவும் புருசனும் நின்றார்கள். இதைப் பார்ப்பதற்கென்று அவ்வளவு தூரம் சைக்கிளில் வந்திருந்தார்கள். அவ என் தோளைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டா. பின்னாலிருந்து அண்ணை மெதுவாகச் சொன்னார்: “தம்பி, சும்மா பிடிச்சுக்கொண்டு நட. நாங்கள் தாங்குவம்.”

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அது என்னை இன்னும் கூடச் சுட்டது. இடுப்பொடியத் தூக்கிக் கீழே விழுந்திருந்தாலும் ஒரு மரியாதை இருந்திருக்கும். பலம் இருக்கிறது, பாரம் வந்து சேரவில்லை.

அப்பா எனக்கு வலப்பக்கத்தில், தண்டோடு ஒட்டி நடந்து வந்தார். தோளில் மடித்துப் போட்ட வெள்ளைச் சால்வை. எல்லாரும் செபம் சொன்னார்கள், அவர் சொல்லவில்லை. சுருவத்தையும் பார்க்கவில்லை. என் தோளையே பார்த்தபடி வந்தார். தெரு முடிந்து கடற்கரைக்குத் திரும்புகிற இடத்தில், கடல் காற்று முகத்தில் அடித்தது. அப்பா சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார். இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், பிறகும் மடித்தார். சனத்துக்கு முன்னால், நடந்தபடியே கையை நீட்டி, அதை என் தோளுக்கும் தண்டுக்கும் இடையில் வைத்து உள்ளங்கையால் இறுக்கித் தள்ளினார்.

“இப்ப படுதோ?” என்று கேட்டார்.

“படுது” என்றேன்.

பாரம் வந்து இறங்கியது. முழங்கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. எனக்குப் பின்னால் அண்ணை ஆறுதலாக மூச்சு விட்டது கேட்டது. மூப்பர் திரும்பிப் பார்த்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அப்பாவின் முகத்தைக் கண்டதும் செபத்தைத் தொடர்ந்தார். சனத்துக்குள்ளிருந்து ஒரு குரல், தலகாணிக் கதை சொன்னவர் உவர்தானே என்றது. நாலு பேர் சிரித்தார்கள். அப்பாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. அவர் திரும்பவில்லை, கையையும் உடனே எடுக்கவில்லை.

கடற்கரை மணலில் கால் புதைந்தது. சுருவத்தைக் கடல் பக்கம் திருப்பியபோது முன்னுக்கு நின்ற எங்கள் கால்களுக்கு அலை வந்தது. அலை திரும்பிப் போகும்போது குதிக்காலின் கீழிருந்து மணலையும் இழுத்துக்கொண்டு போனது. சுவாமியார் அன்றைக்கென்று நீளமாகச் செபித்தார். நான் அசையவில்லை. அந்தக் கொட்டிலும் மணல் மூட்டையும் டைனமோப் பாட்டும் அப்போதுதான் பலன் தந்தன. சுருவம் திரும்பக் கோயிலுக்குள் இறங்கும்வரைக்கும் என் தோள் தண்டிலிருந்து விலகவில்லை.

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். சால்வை இருந்தும் தோள் சிவந்து தடித்திருந்தது. அப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், ஒவ்வொரு பெருநாளும் உட்காருகிற மாதிரியே, மேலில் ஒன்றும் இல்லாமல். அம்மா எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து என் தோளில் உரஞ்சினா. நோகுதோ என்று கேட்டா. எங்கள் வீட்டு வழக்கப்படி நான் இல்லை என்றேன்.

பிறகு கைப்பழக்கத்தில் அப்பாவின் பக்கம் திரும்பி உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிவிட்டா. ஊற்றிய பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது. அந்தத் தோளில் இந்த வருசம் ஒரு சிவப்பும் இல்லை. பழைய காய்ப்பு மட்டும்தான் இருந்தது. அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, அந்தக் காய்ப்பின்மேல் எண்ணெயை வைத்து, வழக்கமாக உரஞ்சுகிற மாதிரியே உரஞ்சினா. வழக்கமாகக் கேட்கிறதையும் கேட்டா.

“நோகுதோ?”

அப்பா கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓம்” என்றார். “நோகுது.”